அரோனியன் – ஆனந்த், விக் ஆன் ஸீ 2013: வீட்டில் தயாரித்த வெற்றியை அமர ஆட்டம் என்று சொல்லலாமா?

வெண்கட்டம் எழுதியது:

விசுவநாதன் ஆனந்தின் ஆட்டங்களில் தலைசிறந்தது எது என்று கேட்டால் நம்மவர்களில் பலர் சற்றும் யோசிப்பதில்லை. 2013 ஜனவரி 15 அன்று நெதர்லாந்தின் விக் ஆன் ஸீ ஊரில், டாடா ஸ்டீல் போட்டியின் நான்காம் சுற்றில், லெவோன் அரோனியனை அவர் கறுப்புக் காய்களுடன் 23 நகர்வுகளில் வீழ்த்திய ஆட்டத்தையே சொல்கிறார்கள். ‘ஆனந்தின் அமர ஆட்டம்’ என்று அதற்குப் பட்டமும் கட்டிவிட்டார்கள். ஆட்டம் அழகானது என்பதில் எனக்கு மறுப்பு இல்லை. ஆனால் பலகையில் தெரியும் அழகையும், பலகைக்கு முன் உட்கார்ந்தவர் அன்றைக்குச் சாதித்ததையும் ஒன்றாகக் கருதிக் கைதட்டுவதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

காரணத்தை ஆனந்தே ஒளிவுமறைவின்றிச் சொல்லியிருக்கிறார். 2012-இல் மாஸ்கோவில் போரிஸ் கெல்ஃபாண்டுக்கு எதிராக உலகப் பட்டத்தைக் காத்துக்கொள்ள ஆடிய தொடருக்காகத் தயாரித்து, அங்கே பயன்படாமல் போன யோசனையே இந்த ஆட்டத்தின் அடிப்படை. அந்தக் காலத்தில் அவருக்குத் துணையாக இருந்தவர்கள் பீட்டர் ஹைனே நீல்சன், ருஸ்தம் காசிம்ஜானோவ், ராடோஸ்லாவ் வோய்டாஷெக், சூர்ய சேகர் கங்குலி ஆகியோர். இவர்களோடு வலிமைமிக்க கணினிகளும் இருந்தன. பலருடைய உழைப்பிலும் இயந்திரத்தின் சரிபார்ப்பிலும் உருவான ஒரு தாக்குதலை, கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கும்போது தன்னந்தனியாக ஒருவர் கண்டுபிடித்த தாக்குதலோடு ஒரே தட்டில் வைப்பது நியாயமா?

ஒப்பிடுவதற்கு வேறெங்கும் போக வேண்டியதில்லை. 1907-இல் போலந்தின் லோட்ஸ் நகரில் ஆக்கிபா ரூபின்ஸ்டீன், ஜார்ஜ் ரோட்லெவிக்கு எதிராகக் கறுப்பில் ஆடி 25 நகர்வுகளில் வென்ற ஆட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். எச்4-இல் (கட்டங்களின் பெயர் நெடுவரிசைக்கு ஏ முதல் எச், குறுக்கு வரிசைக்கு 1 முதல் 8 என்று அமையும்) ராணியை வெட்டுக்கு விட்டுவிட்டு, ஒரு யானையால் சி3 குதிரையை எடுத்து, அடுத்த நகர்விலேயே மற்றொரு யானையை டி2-இல் கொண்டுபோய் வைத்த மனிதருக்கு, அது சரியா தவறா என்று சொல்ல எந்த இயந்திரமும் இல்லை. ‘அமர’ என்ற அடைமொழி அவருக்குப் பொருந்தும். ஆனந்துக்குப் பொருந்தும் வேறு ஆட்டங்கள் பல இருக்கின்றன. ஆனால் இது அந்த வரிசையில் வராது என்பதே என் வாதம்.

கருங்குதிரை எழுதியது:

வெண்கட்டம் அவர்களுக்கு வணக்கம். நீங்கள் எடுத்துக்காட்டிய ரூபின்ஸ்டீன் ஆட்டமே உங்கள் வாதத்துக்கு எதிரான சாட்சி என்று நினைக்கிறேன். அதற்கு முன், ஆட்டத்தை அறியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

திறப்பு, அதாவது ஆட்டத்தின் தொடக்க நகர்வு வரிசை, செமி-ஸ்லாவ் தடுப்பாட்டம். அதாவது டி5 சிப்பாயை சி6, இ6 என்ற இரு சிப்பாய்களாலும் தாங்கி நிற்கும் பழைய, உறுதியான அமைப்பு. ஆறாம் நகர்வில் ஆனந்த் டி5 சிப்பாயால் சி4-ஐ எடுத்தார்; வெள்ளைப் பிஷப் அதைத் திரும்ப எடுக்க, உடனே பி5 தள்ளி அந்தப் பிஷப்பை மறுபடியும் டி3-க்கே விரட்டினார். இதுதான் மெரான் கிளை. பிறகு இரு தரப்பும் காஸ்லிங் செய்து (ராஜாவை யானையோடு இடம் மாற்றி ஓரத்தில் பாதுகாத்து), கறுப்பின் பிஷப்புகள் பி7-லும் டி6-லும், ஒரு யானை சி8-லும் நிலைகொண்டன. பன்னிரண்டாம் நகர்வில் அரோனியன் குதிரையை ஜி5-க்குக் கொண்டுவந்து எச்7-ஐக் குறிவைத்தார். ஆனந்த் அதைத் தடுக்க முயலாமல் சி5 தள்ளினார். அரோனியன் எச்7 சிப்பாயைக் குதிரையால் எடுத்தார். அந்தக் குதிரையைத் திரும்ப எடுக்காமல் ஆனந்த் தன் குதிரையை ஜி4-க்குப் பாய்ச்சினார். எஃப்4 என்று வெள்ளை அடைத்தவுடன் சி5 சிப்பாயால் டி4-ஐ எடுத்தார். இ3 சிப்பாய் அதைத் திரும்ப எடுத்தது. இனிதான் ஆட்டத்தின் உயிர்நிலை. பதினைந்தாம் நகர்வில் டி6 பிஷப், டி4 சிப்பாயின் வாயிலேயே, சி5-க்கு வந்தது. வெள்ளைப் பிஷப் இ2-க்குப் பின்வாங்கி ஜி4 குதிரையைத் தாக்க, பதினாறாம் நகர்வில் டி7 குதிரை இ5-க்கு, எஃப்4 சிப்பாய் எடுக்கக்கூடிய இடத்துக்கு வந்தது.

அந்த இ5 குதிரையை எஃப்4 சிப்பாயால் எடுத்தால் என்ன ஆகும் என்று பாருங்கள். கறுப்பு ராணி டி4-இல் இறங்கிச் செக் வைக்கும். ராஜா எச்1-க்குப் போனால் ராணி ஜி1-இல் தன்னையே பலி கொடுக்கும். யானை அதை எடுத்தாக வேண்டும். அப்போது குதிரை எஃப்2-இல் வந்து, தன் காய்களுக்கு நடுவிலேயே மூச்சுத் திணறிக் கிடக்கும் ராஜாவுக்கு மேட். சி2-இல் இருக்கும் வெள்ளை ராணி எஃப்2-ஐப் பார்க்க முடியாதபடி இ2-இல் குறுக்கே நிற்பது, அரோனியன் காப்பாற்றுவதற்காகப் பின்னிழுத்த அந்தப் பிஷப்தான். இப்படி ஒரு கூட்டுத் தந்திரம் இந்த நிலைக்குள் ஒளிந்திருக்கிறது என்று முதலில் எந்தக் கண் கண்டது என்பது எனக்கு இரண்டாம்பட்சம். அதைப் பலகையில் நிகழ்த்துகிற துணிவும், எதிராளி எந்தப் பக்கம் விலகினாலும் தொடர்ந்து கணக்கிடும் திறனும் அன்றைக்கு அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தவருக்கே வேண்டியிருந்தன.

தயாரிப்பு என்பது நாடக வசனம் போல ஒப்பிக்கக்கூடியது அன்று. எதிரே இருப்பவர் உலகத் தரமதிப்பீட்டில் 2800 புள்ளிகளைத் தாண்டியிருந்த அரோனியன்; ஒவ்வொரு நகர்விலும் வேறு வழி எடுக்கும் சுதந்திரம் அவருக்கு இருந்தது. ஜி5-க்குக் குதிரையைக் கொண்டுவந்ததும் அவருடைய விருப்பமே. பதின்மூன்றாம் நகர்வில் எச்7 சிப்பாயைக் குதிரைக்குப் பதில் பிஷப்பால் செக்குடன் எடுத்திருந்தால் நாம் இன்று வேறு ஆட்டத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்போம்.

இனி ரூபின்ஸ்டீன். லோட்ஸ் ஆட்டத்தின் 11-ஆம் நகர்விலிருந்து 13-ஆம் நகர்வு வரை எடுத்துப் பாருங்கள். கறுப்பு சி4-ஐ எடுக்கிறது, வெள்ளைப் பிஷப் திரும்ப எடுக்கிறது, பி5, பிஷப் டி3-க்கு ஓடுகிறது. ஆனந்த் ஆறு, ஏழு, எட்டாம் நகர்வுகளில் செய்தது இதுவே. அங்கும் பிஷப் பி7-க்குப் போகிறது. அங்கும் வெள்ளை எஃப்4 தள்ளித் தன் ராஜாவுக்கு முன்னால் ஒரு நீண்ட மூலைவிட்டத்தைத் திறந்துவிடுகிறது. அங்கும் கறும்பிஷப் அந்தக் கோட்டில் செக் வைத்து ராஜாவை எச்1 மூலைக்குத் தள்ளுகிறது. அங்கும் குதிரை ஜி4-இல் வந்து நிற்கிறது. தன் ஆட்டம் முடிந்ததும் ஆனந்தே ரூபின்ஸ்டீனின் பெயரைச் சொன்னார். நூறாண்டுக்கு முந்தைய வடிவத்தை மனத்தில் சுமந்துகொண்டிருந்த ஒருவர், அதைப் புதிய மண்ணில் அடையாளம் கண்டார். இதை இயந்திரத்தின் வெற்றி என்று எப்படிச் சொல்வது?

இறுதியாட்டப் பிரியர் எழுதியது:

இருவர் பக்கமும் சேராமல் ஒரு வரலாற்றுச் செய்தியை மட்டும் நினைவூட்டுகிறேன். அது யாருக்கு உதவுமோ அவர் எடுத்துக்கொள்ளட்டும்.

1918-இல் நியூயார்க்கில் ஃபிராங்க் மார்ஷல், ரூய் லோபஸ் திறப்பில் ஒரு சிப்பாயைப் பலி கொடுக்கும் புதிய தாக்குதலைத் தயாரித்து வந்து, பின்னாளில் உலகச் சாம்பியனான காபபிளாங்கா மீது ஏவினார். காபபிளாங்கா அதுவரை கண்டிராத நிலை அது. அவர் சிப்பாயை ஏற்றுக்கொண்டு, ராஜாவைச் சூழ்ந்து வந்த தாக்குதலை ஒவ்வொரு நகர்வாகப் பலகையிலேயே முறியடித்து, ஆட்டத்தையும் வென்றார். அன்றைக்கு ஒருவர் தயாரித்து வந்தார், மற்றவர் சிந்தித்து ஆடினார். சதுரங்க உலகம் இன்றளவும் யாரைப் புகழ்கிறது என்பது எல்லோருக்கும் தெரியும். அந்த அளவுகோலை விக் ஆன் ஸீ ஆட்டத்துக்கு வைத்தால், ஆனந்த் நிற்பது மார்ஷலின் இடத்தில். வித்தியாசம் ஒன்றே: எதிரே காபபிளாங்கா இல்லை.

கருங்குதிரை எழுதியது:

அந்த எடுத்துக்காட்டுக்கு நன்றி. ஆனால் அதன் பாதியை மட்டும் சொல்லியிருக்கிறீர்கள். மார்ஷல் அன்று தோற்றார். ஆனால் அவர் தயாரித்த அந்தத் தாக்குதல் ‘மார்ஷல் அட்டாக்’ என்ற பெயரோடு நூறாண்டு கடந்தும் உலகின் முன்னணி ஆட்டக்காரர்களால் ஆடப்படுகிறது. அதற்கு அஞ்சி வெள்ளையில் ஆடுபவர்கள் முன்கூட்டியே விலகிப் போகும் நகர்வுகளைத் தனியாகப் படிக்கிறார்கள். அரோனியனே கறுப்பில் அதை விரும்பி ஆடியவர்களில் ஒருவர் என்பதை நீங்கள் அறிவீர்கள். தயாரிப்பு படைப்பு அல்ல என்றால், தோற்றும் நிலைத்த அந்தக் கருத்தை என்ன பெயர் சொல்லி அழைப்பது?

புதுச்சிப்பாய் எழுதியது:

பெரியவர்கள் விவாதத்தின் நடுவே ஓர் ஐயம். பத்தொன்பதாம் நகர்வில் வெள்ளைக் குதிரை எஃப்8-இல் யானையை எடுத்த பிறகு, ஆனந்த் அந்தக் குதிரையைத் திரும்ப எடுக்காமல் எஃப்5 என்று ஒரு சிப்பாயைத் தள்ளுகிறார். ராணியை நேராக எச்4-க்குக் கொண்டுபோனால் எச்2-இல் மேட் மிரட்டல் வந்துவிடுமே? எஃப்5 எதற்கு என்று யாராவது விளக்க முடியுமா?

கோவைப் பயிற்சியாளர் எழுதியது:

நல்ல கேள்வி தம்பி. பலகையை வைத்துக்கொண்டு வெள்ளை ராணியைப் பார். அது சி2-இல் இருக்கிறது; அங்கிருந்து எச்7 வரை மூலைவிட்டம் முழுக்கத் திறந்து கிடக்கிறது. எஃப்8-இல் உள்ள குதிரையோ எச்7 சதுரத்துக்குக் காவல். நீ ராணியை எச்4-க்குக் கொண்டுபோனால், வெள்ளை ராணி எச்7-இல் செக் வைக்கும். உன் ராணியால் அதை எடுத்தால் குதிரை உன் ராணியை எடுக்கும். ராணிகள் போனபின் தாக்குதலும் போய்விடும், யானை இழந்த நட்டம்தான் மிஞ்சும். ராஜாவால் எஃப்8 குதிரையை எடுத்தால் இன்னும் மோசம்: ராணி எச்8-இல் மறுபடி செக் வைத்து, ராஜா இ7-க்கு நகர்ந்ததும் எச்4-இல் உள்ள உன் ராணியையே தூக்கிவிடும்.

எஃப்5 தள்ளினால் அந்த மூலைவிட்டம் அடைபடுகிறது. கூடவே சி3 குதிரை இ4-க்கு வந்து பி7 பிஷப்பின் பாதையை மறைக்கும் வழியும் கெடுகிறது. ஜி4 குதிரைக்கும் ஊன்றுகோல் கிடைக்கிறது. ஒரு முழு யானை பின்தங்கி நிற்கும்போது, செக்கும் இல்லாத, எதையும் எடுக்காத, ஒரே ஒரு சிப்பாயின் நகர்வு. மாணவர்களுக்கு இந்த ஆட்டத்தைக் காட்டும்போது பலிகளை நான் வேகமாகக் கடந்துவிடுவேன். இந்த இடத்தில்தான் நிறுத்துவேன்.

விவாதத்திலும் ஒரு சொல் சொல்லிவிடுகிறேன். மெரான் அமைப்பை வெறும் காவல் அமைப்பு என்று நினைத்துப் பார்த்தால் ஆனந்தின் தாக்குதல் எங்கிருந்தோ வந்து குதித்ததாகத் தோன்றும். உண்மையில் தாக்குதலுக்கான விதை திறப்பிலேயே இருக்கிறது. செமி-ஸ்லாவில் கறுப்பின் நிரந்தரத் தலைவலி, இ6 சிப்பாய்க்குப் பின்னால் அடைபட்டுக் கிடக்கும் வெண்சதுரப் பிஷப். மெரான் அதற்கு ஒரு வழி சொல்கிறது: சி4-ஐ எடுத்து, வெள்ளைப் பிஷப்பை வரவழைத்து, பி5 தள்ளி விரட்டு, கிடைத்த நேரத்தில் உன் பிஷப்பை பி7-இல் வை, பிறகு எப்படியாவது சி5 தள்ளு. சி5 தள்ளிய அந்த நொடியில், அதுவரை சி6 சிப்பாயை முறைத்துக்கொண்டிருந்த பிஷப், ஜி2 வரை நீளும் கோட்டின் அதிபதியாகிவிடுகிறது. ஆனந்தின் பன்னிரண்டாம் நகர்வு இந்தத் திட்டத்தின் இயல்பான முடிவு. எச்7 சிப்பாய் போவதைப் பொருட்படுத்தாமல் அதைச் செய்தார் என்பதுதான் புதுமை. 1924-இல் இத்தாலியின் மெரானோ நகரில் எர்ன்ஸ்ட் க்ருன்ஃபெல்டை இந்த முறையால் வென்று, கிளைக்கு அந்த ஊரின் பெயர் நிலைக்கக் காரணமானவர் யார் தெரியுமா? அதே ரூபின்ஸ்டீன்தான்! வெண்கட்டம் அவர்கள் எதிரெதிராக நிறுத்திய இருவரும் ஒரே பள்ளியைச் சேர்ந்தவர்கள்.

வெண்கட்டம் எழுதியது:

பயிற்சியாளர் ஐயாவின் விளக்கம் அருமை. குறிப்பாக எஃப்5 பற்றி. ஆனால் அந்த விளக்கமே என் ஐயத்தை வலுப்படுத்துகிறது. மெரானின் இயல்பிலேயே இந்தத் தாக்குதல் அடங்கியிருக்கிறது என்றால், அதைத் தோண்டி எடுத்தது பல மாத ஆய்வு. விக் ஆன் ஸீயில் நிகழ்ந்தது அந்த ஆய்வின் வெளியீட்டு விழா.

கருங்குதிரை அவர்கள் காட்டிய ஒற்றுமைகளை நான் மறுக்கவில்லை. இருப்பினும் ஒரு வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். ரூபின்ஸ்டீன் மனத்தில் சுமந்துகொண்டு வந்தது ஒரு வடிவத்தை; ஆனந்த் கொண்டு வந்தது ஒரு வடிவத்தையும் அதற்கான நகர்வு வரிசையையும். முதலாவது அறிவு, இரண்டாவது தகவல். அந்தத் தகவல் எத்தனையாவது நகர்வோடு முடிந்தது என்பதைக் கொண்டு நான் வாதிடவில்லை. பன்னிரண்டாவது நகர்விலேயே, நிலையின் மிகக் கூர்மையான முடிவை எடுக்கும்போது, ஒருவருக்கு இது தாங்கும் என்ற உறுதி இருந்தது, மற்றவருக்கு இல்லை என்பது போதும். சம வாய்ப்புள்ள இருவர் இருட்டில் மோதியதன் விளைவாக இதைக் கொண்டாட முடியாது.

இறுதியாட்டப் பிரியர் சொல்லாமல் விட்ட ஒன்றையும் சேர்த்துவிடுகிறேன். அதே ஆண்டு நவம்பரில், சென்னையில், ஆனந்த் தன் பட்டத்தை மேக்னஸ் கார்ல்சனிடம் 6.5–3.5 என்ற கணக்கில் இழந்தார். கார்ல்சன் முதல் வெற்றி பெற்ற ஐந்தாம் ஆட்டத்திலும் ஆனந்த் கறுப்பில் எடுத்தது செமி-ஸ்லாவ் வகை அமைப்பே. சிப்பாயைப் பலி கொடுத்துக் கூர்மையாக ஆடும் வழி வெள்ளைக்குத் திறந்திருந்தது. கார்ல்சன் இ4-இல் இருந்த குதிரையைப் பேசாமல் சி3-க்கே பின்னிழுத்துக்கொண்டு, தயாரிப்பு செல்லுபடியாகாத சாதாரண நிலைக்கு ஆட்டத்தை இழுத்துச் சென்று, யானைகள் நிற்கும் இறுதியாட்டத்தில் (காய்கள் குறைந்தபின் வரும் கடைசிக் கட்டத்தில்) வென்றார். கிட்டத்தட்ட அதே திறப்பு, அதே ஆண்டு, அதே மனிதர். தயாரிப்பு இல்லாத இடத்தில் முடிவு வேறாக இருந்தது.

கருங்குதிரை எழுதியது:

வெண்கட்டம் அவர்களே, ஓர் ஆட்டத்தின் தரத்தைப் பத்து மாதம் கழித்து நடந்த இன்னோர் ஆட்டத்தின் முடிவைக் கொண்டு குறைப்பது என்ன முறை? சென்னையில் ஆனந்த் களைத்திருந்தார், கார்ல்சன் உச்சத்தை நோக்கி ஏறிக்கொண்டிருந்தார். விக் ஆன் ஸீயிலும் 13-க்கு 10 புள்ளிகள் எடுத்துப் போட்டியை வென்றவர் கார்ல்சன்தான். இவற்றில் எதுவும் பதினாறாம் நகர்வில் இ5-க்கு வந்த குதிரையைப் பின்னுக்கு இழுக்காது.

நீங்கள் சென்னையைக் காட்டினால் நான் பான் நகரைக் காட்டுவேன். 2008-இல் ஜெர்மனியின் பான் நகரில் முன்னாள் உலகச் சாம்பியன் கிராம்னிக்குக்கு எதிரான உலகப் பட்டத் தொடரில், மூன்றாம் ஆட்டத்திலும் ஐந்தாம் ஆட்டத்திலும் ஆனந்த் கறுப்பில் மெரானை ஆடி இரண்டையும் வென்றார். பதினான்காம் நகர்வில் பிஷப்பை பி7-க்குக் கொண்டுபோன புதுமை தயாரிப்பில் வந்தது என்பது உண்மை. ஆனால் அதற்குப் பின் மூன்றாம் ஆட்டம் ஏறத்தாழ முப்பது நகர்வுகள் நீண்டது; இரு ராஜாக்களும் காற்றில் ஆட, இருவருக்கும் நேரம் குறைய, புத்தகமும் கணினியும் எட்டாத குழப்பத்தில்தான் முடிவு தீர்மானமாயிற்று. ஐந்தாம் ஆட்டத்தில் கிராம்னிக் யோசித்து வந்து அதே கிளைக்குள் மறுபடி நுழைந்தார். அங்கும் அவர் கணக்கிட்டதில் தவறி ஒரு குதிரைத் தந்திரத்தில் சிக்கினார். ஆக, இந்தக் கிளையில் ஆனந்துக்குத் தகவல் மட்டுமே இருந்தது, அறிவு இல்லை என்று சொல்ல இடமில்லை. அந்தத் தொடர் 6.5–4.5 என்று முடிந்ததில் மெரானின் பங்கு பெரியது.

மற்றொன்று. ‘சம வாய்ப்புள்ள இருவர் இருட்டில் மோத வேண்டும்’ என்ற நிபந்தனையை 1907-க்குப் பொருத்திப் பாருங்கள். ரூபின்ஸ்டீன் எதிர்கொண்டது அவரைவிட மிக இளையவரான, அவருடைய தரத்தை எட்டாத ரோட்லெவியை. ஆனந்த் எதிர்கொண்டது அன்றைய உலகின் முதல் மூன்று பேரில் ஒருவரை. ‘அமர ஆட்டம்’ என்ற பெயரை முதன்முதலில் வாங்கிய ஆட்டமோ, 1851-இல் லண்டனில் அண்டர்சனும் கீசெரிட்ஸ்கியும் போட்டிக்கு வெளியே பொழுதுபோக்காக ஆடியது; அதில் பணயமாக ஒரு புள்ளிகூட இல்லை. பெயரைப் பெற இத்தனை நிபந்தனைகள் தேவையென்றால் முதலில் அதைத்தான் பட்டியலிலிருந்து நீக்க வேண்டியிருக்கும்.

இறுதியாட்டப் பிரியர் எழுதியது:

ரோட்லெவியை அவ்வளவு எளிதாக ஒதுக்கிவிடாதீர்கள். அவர் பின்னாளில், 1911-இல், கார்ல்ஸ்பாட் பெரும் போட்டியில் முன்னணி இடம் பிடித்தவர். அன்றைய ஆட்டத்தில் அவர் செய்த பிழை திறமையின்மையால் வந்ததன்று. எஃப்4, இ4, இ5 என்று சிப்பாய்களை அடுக்கடுக்காகத் தள்ளித் தன் ராஜாவின் முன்வாசலைத் தானே திறந்துவிட்ட பேராசையால் வந்தது. அரோனியன் எச்7-இல் சிப்பாயை எடுத்ததும் ஏறத்தாழ அதே வகைப் பசிதான்.

கோவைப் பயிற்சியாளர் எழுதியது:

பசி என்று சொல்வதை ஏற்க முடியாது. குதிரை எச்7-ஐ எடுத்தபோது அது எஃப்8 யானையையும் எஃப்6 குதிரையையும் ஒருசேரத் தாக்கியது. சாதாரண நிலையில் எந்தப் பெரிய ஆட்டக்காரரும் அதைச் செய்வார். ஆனந்த் எஃப்6 குதிரையால் அதைத் திரும்ப எடுத்திருந்தால் பிஷப் எச்7-இல் செக்குடன் இறங்கி, வெள்ளைக்கு ஒரு சிப்பாய் இலவசம். ஜி4-க்குக் குதிரை வரும் என்பதை அரோனியன் பார்த்திருப்பார். அதற்கு எஃப்4 போதுமான பதில் என்றும் கணித்திருப்பார். சி5-க்கு பிஷப் வருவதை அந்தத் தூரத்திலிருந்து பார்ப்பதுதான் அசாத்தியம். டி4 சிப்பாயால் அதை எடுத்தால் டி7 குதிரை சி5-இல் வந்து டி3 பிஷப்பைத் தாக்கும், அதே நொடியில் டி கோடு திறந்து கறுப்பு ராணிக்கு டி4-இல் செக் கிடைக்கும். எடுத்தாலும் தொல்லை, விட்டாலும் தொல்லை.

வெண்கட்டம் அவர்களின் கேள்விக்கு ஒரு பயிற்சியாளராக என்னால் சொல்ல முடிந்தது இதுதான். தயாரிப்பில் வென்ற ஆட்டங்கள் ஆண்டுதோறும் நூற்றுக்கணக்கில் நடக்கின்றன. கணினி சொன்னதை ஒப்பித்து, எதிராளி தடுமாற, முப்பதாவது நகர்வில் கைகுலுக்கி எழுந்துவிடுகிறார்கள். அவற்றில் எதையும் மாணவர்களுக்குக் காட்ட மனம் வருவதில்லை. ஏனென்றால் அந்த நகர்வுகளுக்குக் காரணம் சொல்ல முடியாது. ‘இயந்திரம் சொல்கிறது’ என்பதோடு நின்றுவிடும். இந்த ஆட்டத்தில் ஒவ்வொரு நகர்வுக்கும் ஒரு பத்து வயதுப் பிள்ளைக்குப் புரியும்படி காரணம் சொல்லலாம். சி5 ஏன், ஜி4 ஏன், இ5 ஏன், எஃப்5 ஏன். வீட்டில் கண்டுபிடித்தார்களா, அரங்கில் கண்டுபிடித்தாரா என்று என் மாணவர்கள் யாரும் இதுவரை கேட்டதில்லை.

வெண்கட்டம் எழுதியது:

மாணவர்களுக்குப் பயன்படும் பாடம் என்ற அளவில் உங்களோடு எனக்குச் சண்டையே இல்லை, ஐயா. திறப்புகளைப் பற்றிய எந்த நூலிலும் இதற்கு முதல் அத்தியாயம் கொடுக்கலாம். நான் கேட்பது ஆட்டக்காரரின் தகுதிப் பட்டியலைப் பற்றியது. கருங்குதிரை அவர்கள் சொன்ன பான் நகரின் மூன்றாம் ஆட்டத்தையே எடுத்துக்கொள்கிறேன்: புதுமை முடிந்த பிறகு ஏறத்தாழ முப்பது நகர்வுகள் சொந்தக் காலில் நின்ற ஆட்டம், உலகப் பட்டம் பணயமாக இருந்த மேடை, எதிரே கிராம்னிக். ஒரே மெரான் கிளையில், ஒரே மனிதர் ஆடிய இரண்டு ஆட்டங்களில் எது பெரிய சாதனை என்று கேட்டால் நான் சற்றும் தயங்காமல் பான் ஆட்டத்தைத்தான் சொல்வேன். அது அழகில் குறைந்தது என்பதாலேயே ரசிகர்கள் அதை மறந்துவிட்டார்கள்.

கருங்குதிரை எழுதியது:

பான் மூன்றாம் ஆட்டத்தை உங்களோடு சேர்ந்து நானும் உயர்த்திப் பிடிக்கிறேன். ஆனால் அதற்காக விக் ஆன் ஸீயைத் தாழ்த்த வேண்டிய தேவை எனக்குப் படவில்லை. நீங்கள் நகர்வுகளின் எண்ணிக்கையை வைத்துச் சொந்த உழைப்பை அளக்கிறீர்கள். 23 நகர்வுகளில் முடிந்த ஆட்டத்தில் அந்த அளவுகோல் எப்போதும் தோற்கும். ஏனென்றால் எவ்வளவு ஆழமாகத் தாக்குகிறோமோ அவ்வளவு சீக்கிரம் ஆட்டம் முடிந்துவிடும்.

புதுச்சிப்பாய் எழுதியது:

விளக்கத்துக்கு நன்றி ஐயா. கடைசியாக ஒன்று கேட்டுவிடுகிறேன். 23-ஆம் நகர்வில் கறும்பிஷப் இ3-க்குப் போனதும் அரோனியன் தோல்வியை ஒப்புக்கொண்டார். அப்போது அவரிடம் இரண்டு யானைகள் இருந்தன, ஆனந்திடம் ஒன்றுதான். ஏன் மேலே ஆடவில்லை?

கோவைப் பயிற்சியாளர் எழுதியது:

வெள்ளை ராணி டி3-இல் நின்று, மூன்றாம் வரிசை வழியாக எச்3 சிப்பாயைக் காத்துக்கொண்டிருந்தது தம்பி. ஜி2 சிப்பாயால் எச்3-ஐக் காக்க முடியாது. பி7 பிஷப் அதை ராஜாவோடு சேர்த்துக் கட்டிப் போட்டிருக்கிறது. இ3-க்கு வந்த பிஷப் அந்த வரிசையின் குறுக்கே நிற்கிறது. வெள்ளைப் பிஷப்பால் அதை எடுத்தால் கறுப்பு ராணி எச்3-இல் செக், ராஜா ஜி1-க்கு, ராணி ஜி2-இல் மேட். ராணியால் எடுத்தால் ஜி4 குதிரை ராணியைத் தின்றுவிடும். எடுக்காமல் விட்டாலும் எச்3-இல் ராணி இறங்கத்தான் போகிறது. ஏ1-இல் இருந்த யானை ஆட்டம் முழுவதும் அசையவே இல்லை என்பதையும் பார். இரண்டு யானைகள் என்று நீ எண்ணியதில் ஒன்று கணக்கில் மட்டும்தான் இருந்தது.